இடம்விட்டு எழுதுதல்

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து தேனி செல்லும் சாலையில் சிறிது தொலைவு சென்றால் கொங்கர் புளியங்குளம் என்னும் ஊர் வரும். அவ்வூர்க் குன்றிலுள்ள குகைத்தளத்தில், சமணத் துறவியர்க்குக் கொடையளித்தோரின் பெயர்கள் தமிழி எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய அவ்வெழுத்துகளைத் தனித்தனியே அடையாளம் காணச் சில நாள் பயிற்சி போதும். ஆயினும் வாசகம் எளிதில் பிடிபடாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெற்றிடம் இல்லை. ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைப் படிப்பவரே தீர்மானிக்க வேண்டும்.

ஓலைச்சுவடிகளிலும் இதே இடர்ப்பாடுதான். எழுத்தாணி பட்டு ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதைத் தவிர்த்தனர். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஏட்டில் வடிவ வேறுபாடு தெரியாது. ஆகவே, எரிகிற ‘எரி’யா, நீர் நிறைந்த ‘ஏரி’யா என்று சூழல் நோக்கியே உணர வேண்டியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சிறு வரிவடிவ மாற்றம் நெருப்பையும் நீரையும் பிரித்து வைத்தது. பாட்டும் உரையும் ஒன்றோடொன்று கலந்து கிடந்த ஏடுகளை ஒப்புநோக்கி, மூலம் இது, உரை இது என்று பகுத்து, அடிக்குறிப்பும் அகராதியும் சேர்த்து அச்சிட்டவர் உ.வே. சாமிநாதையர். 1887இல் அவர் பதிப்பித்த சீவகசிந்தாமணியை இன்று நாம் எளிதாகப் புரட்டுகிறோம் என்றால், பக்கத்தின் அமைப்புக்காக ஒருவர் பட்ட பாடு அதற்குள் இருக்கிறது.

நம் பள்ளிக் கணினி ஆய்வகங்களில் எழுதப்படும் மூல நிரல்களைக் காணும்போதெல்லாம் எனக்கு ஏட்டுச்சுவடிகளே நினைவுக்கு வருகின்றன. சி++ மொழியில் எழுதும் நிரலில், தலைப்புக் கோப்பைச் சேர்க்கும் வரி போன்ற சிலவற்றை விலக்கிவிட்டு, எஞ்சியவை அனைத்தையும் ஒரே வரியில் எழுதினாலும் நிரல்பெயர்ப்பி மறுப்பதில்லை. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியோ, கட்டளையின் நடுவே விடும் வெற்றிடத்தை அறவே பொருட்படுத்தாமல் விட்டது. பொறிக்குத் தேவைப்படாத ஒன்று மனிதருக்கும் தேவையில்லை என்று எண்ணிவிடுகிறோம். உள்தள்ளலும் வெற்று வரியும் வெறும் ஒப்பனை, நிரல் ஓடினால் போதும் என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. இதனை நான் ஏற்பதில்லை. நிரலை எழுதுவது ஒருமுறை, படிப்பதோ பலமுறை. பிழை திருத்தும் தோழன் படிக்கிறான், ஆசிரியர் படிக்கிறார், மூன்று மாதம் கழித்து எழுதியவரே படிக்கிறார். அப்போது அவரும் அந்நியரே.

தோற்றம் பொய் சொன்னால் நேர்வது என்ன என்பதற்கு 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிப்பட்ட ஒரு பிழை சான்று. ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசிகளிலும் கணினிகளிலும், இணையத்தின் மறுமுனையில் இருப்பது உண்மையான தளந்தானா என்று சோதிக்கும் பகுதி ஒன்று இருந்தது. சோதனையில் பிழை கண்டால் இறுதிப் பகுதிக்குத் தாவுக என்னும் கட்டளை, ஓரிடத்தில் தவறுதலாக இரண்டு வரிகளில் அடுத்தடுத்து இடம்பெற்றுவிட்டது. நெளிவு அடைப்புக்குறி இல்லாமையால், முதல் வரி மட்டுமே நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது, நிபந்தனை எதுவுமின்றி எப்போதும் இயங்கியது. அதனால் அதற்குப் பின் நிகழவேண்டிய கையொப்பச் சோதனை நடைபெறாமலே, ‘பிழையில்லை’ என்ற விடை வந்தது. இரு வரிகளும் ஒரே அளவு உள்தள்ளி நின்றன. ஆகவே இரண்டும் நிபந்தனைக்குள் அடங்கியவை போலவே கண்ணுக்குத் தோன்றின. கணினி அடைப்புக்குறியைப் பார்த்தது. மனிதர் ஓரத்தைப் பார்த்தனர். எவரும் படிக்கத்தக்க வகையில் அந்நிறுவனம் வெளியிட்டிருந்த நிரல்தான் அது.

‘இவற்றையெல்லாம் இன்று மென்பொருளே செய்து தருகிறதே’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. நிரல் எழுதும் செயலிகள் சிறப்புச் சொற்களுக்கு ஒரு வண்ணமும் குறிப்புரைக்கு வேறொரு வண்ணமும் தாமே பூசுகின்றன. 2009இல் அறிமுகமான கோ மொழியோடு, நிரலைச் சீராக வரிசைப்படுத்தும் கருவியும் உடன் வருகிறது. அத்தகைய கருவியொன்று இயக்கப்பட்டிருந்தால், மேற்சொன்ன இரண்டாவது வரி இடப்புறம் நகர்ந்து தன்னைத்தானே காட்டிக் கொடுத்திருக்கும். அவ்வளவில் கருவியின் பயனை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால், எண்ணம் எங்கே முடிகிறது என்பது கருவிக்குத் தெரியாது. உள்ளீடு பெறும் ஐந்து வரிகளுக்கும் கணக்கிடும் எட்டு வரிகளுக்கும் இடையே ஒரு வெற்று வரி விடுவது, கட்டுரையில் பத்தி பிரிப்பதைப் போன்றது. அதை எழுதுபவர்தாம் செய்ய வேண்டும். ‘அ’, ‘ஆ’ என்று மாறிகளுக்குப் பெயரிட்டால், வண்ணம் எத்தனை பூசினாலும் பொருள் விளங்காது. ‘மொத்த மதிப்பெண்’ என்ற பெயர் கறுப்பு மையிலும் விளங்கும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாத கண்களும் நம்மிடையே உண்டு. வண்ணத்தை மட்டும் நம்பிய நிரல் அவர்களைக் கைவிட்டுவிடும்.

தாளை மிச்சப்படுத்துவதற்காகச் செய்முறைப் பதிவேட்டில் எல்லா வரிகளையும் இடப்பக்கக் கோட்டோடு ஒட்டி எழுதும் பழக்கத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். மதிப்பெண் விடைக்குத்தான், அமைப்புக்கு இல்லை. அந்த முறை மாற வேண்டும் என்பது என் கருத்து. ஒருவர் எழுதிய நிரலைப் பக்கத்து இருக்கையில் உள்ளவர் ஐந்து நிமிடம் படித்து, அது என்ன செய்கிறது என்று வாய்விட்டுச் சொல்லட்டும். அவர் தடுமாறும் இடத்தை எழுதியவர் குறித்துக்கொள்ளட்டும். செய்முறைத் தேர்வில் அதற்கும் இரண்டு மதிப்பெண் ஒதுக்கலாம்.

அடுத்த ஆண்டு நீங்கள் பைத்தான் கற்பீர்கள். அம்மொழியில் நெளிவு அடைப்புக்குறிகள் தொகுதியைக் காட்டுவதில்லை, உள்தள்ளலே காட்டும். ஒரு தொகுதிக்கு நான்கு வெற்றிடம் விடுவது அங்கு வழக்கம். ஒரே தொகுதியில் ஒரு வரி மூன்று வெற்றிடத்தோடு நின்றுவிட்டால் நிரல் ஓடாது. ஆனால், எந்த இடத்தில் வெற்று வரி விட வேண்டும் என்று பைத்தானும் சொல்லித் தராது.