மூட்டு நீரைப் பார்க்காமல் கவுட் என்று சொல்லலாமா?

நள்ளிரவில் கால் பெருவிரல் சிவந்து வீங்குகிறது. போர்வை பட்டாலே உயிர் போகிற வலி. மறுநாள் ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் கூடுதலாக இருந்தால் ‘கவுட்’ என்று முடிவாகிவிடுகிறது. ஆனால், யூரிக் அமிலம் கூடியவர்களில் பெரும்பாலோருக்குக் கவுட் வருவதேயில்லை. கவுட் தாக்கும் வேளையிலேயே ரத்தத்தில் அதன் அளவு இயல்பாக இருப்பதும் உண்டு. மாத்திரையும் சாதாரணமானதல்ல. ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டிய அல்லோபியூரினால், அரிதாகச் சிலருக்கு உயிரைப் பறிக்கும் தோல் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. இவ்வளவு பெரிய முடிவை ஊகத்தில் எடுக்கக் கூடாது.

உறுதியான சாட்சி மூட்டுக்குள் இருக்கிறது. யூரிக் அமிலத்திலிருந்து உருவாகும் ஊசி போன்ற யூரேட் படிகங்களைக் கவுட் நோயாளிகளின் மூட்டு நீரில் தளவிளைவு ஒளியைக் கொண்டு 1961இல் அடையாளம் காட்டினார்கள், அமெரிக்க மருத்துவர்கள் டேனியல் மெக்கார்ட்டியும் ஜோசப் ஹாலண்டரும். ஒரே தளத்தில் அதிரும் இந்த ஒளியில் இப்படிகங்கள் இருண்ட பின்னணியில் பளிச்சிடும். நிறத்தகடு ஒன்றைச் சேர்த்தால், ஊசி ஒரு திசையில் மஞ்சளாகவும் அதற்குக் குறுக்கே நீலமாகவும் தெரியும். ‘போலி கவுட்’ நோயின் கால்சியம் படிகங்களில் இந்த நிறங்கள் இடம் மாறும்.

இதற்கான நுண்ணோக்கி விலை கூடியது. சிறிய மருத்துவமனைகளுக்கு அது எட்டுவதில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆய்தோகன் ஓஸ்கான் குழு 2016இல் காட்டிய வழி இங்கேதான் முக்கியமாகிறது. கைப்பேசி கேமராவில் இருப்பது போன்ற சிமாஸ் சென்சாருக்கு மிக அருகில் ஸ்லைடை வைத்து, மேலிருந்து தளவிளைவு ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். லென்ஸ் இல்லாததால் சென்சாரில் விழுவது படமல்ல, ஹோலோகிராம் என்ற அலைக்கோலம். அதிலிருந்து படத்தைக் கணித்து மீட்பது கணினியின் வேலை. ஒரே பதிவில் 20 சதுர மில்லிமீட்டருக்கு மேல் அகப்படுகிறது. வழக்கமான 20 மடங்கு லென்ஸ் காட்டும் பரப்பைப் போல் இது சுமார் நூறு மடங்கு. படிகங்கள் ஒன்றிரண்டே மிதக்கும் மூட்டு நீரில், இந்த அகலப் பார்வை பெரிய வரம்.

இத்தகைய கருவி ஆய்விதழோடு நின்றுவிடக் கூடாது. வட்டார மருத்துவமனைகளின் ஆய்வகங்களுக்கு வந்தாக வேண்டும். அதற்கு முன், ஒரே நோயாளியின் நீரைப் பழைய நுண்ணோக்கியிலும் இதிலும் தனித்தனி ஆட்கள் பார்த்து ஒப்பிட வேண்டும். மூட்டிலிருந்து பாதுகாப்பாக நீர் எடுக்கக் கூடுதல் மருத்துவர்களைப் பழக்கவும் வேண்டும். படிகம் தெரிந்த பிறகும், சந்தேகம் இருந்தால் கிருமிப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. கவுட்டும் கிருமித் தொற்றும் ஒரே மூட்டில் சேர்ந்து வருவதுண்டு. தொற்றைக் கவனிக்காவிட்டால் சில நாட்களிலேயே அந்த மூட்டு சிதைந்துவிடும்.