யூரிக் ஆசிட்: மீன் மட்டுமா காரணம்?

உச்சிப்புளி பக்கம் நெத்திலி, சாளை இல்லாத சாப்பாடு ருசிக்காது. கால் பெருவிரல் வீங்கினால் முதல் பழியும் மீனுக்குத்தான்! மீனிலும் நம் செல்களிலும் உள்ள பியூரின் சிதைந்தே யூரிக் ஆசிட் உருவாகிறது. அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. மீதி குடலுக்குப் போகிறது; அங்கே அதைச் சிதைப்பவை பாக்டீரியாக்கள்.

இதற்கான மரபணுக்களை 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர். யூரிக் ஆசிட்டைச் சிதைக்கும் நொதி மனிதர்களுக்கு இல்லை. அதேபோல நொதி இல்லாத எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்ததும், ரத்தத்தில் யூரிக் ஆசிட் எகிறியது.

எனவே, சளி, காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். மருத்துவர் எழுதித் தந்தால் தவிர்க்கவும் வேண்டாம். மூட்டு வீங்கினால் ரத்தப் பரிசோதனை அவசியம். மீனின் அளவை டாக்டர் சொல்லட்டும்!