டாயன் வேறு, விக்கா வேறு

எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் கொஞ்ச நாளாக டாரோ சீட்டு, பௌர்ணமி தியானம், ஸ்படிகக் கல் என்று விளம்பரங்களாக வந்து கொட்டுகின்றன. புனேயில் படிக்கும் என் மகளின் அறைத்தோழி ஒருத்தி, "நான் ஒரு விட்ச்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாளாம். போனில் இதைக் கேட்ட என் மனைவி, "அய்யய்யோ, சூனியக்காரியோட ஒரே ரூம்லயா இருக்கே!" என்று பதறிவிட்டாள்.

பதற ஒன்றுமில்லை. அந்தப் பெண் சொல்வது விக்கா என்ற மதத்தை. நம்மூர் பில்லி, ஏவல், செய்வினைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர்களுக்கு ஒரு பெண் தெய்வம், கொம்புள்ள ஓர் ஆண் தெய்வம். சாத்தான் கிடையாது, அவன் கிறிஸ்தவர்களின் சமாச்சாரம். வட்டம் போட்டு, நான்கு திசைகளுக்கும் நிலம், காற்று, நெருப்பு, நீர் என்று வணக்கம் சொல்லி, நடுவில் கத்தியும் கிண்ணமும் வைத்து வழிபடுகிறார்கள். பௌர்ணமி முக்கியம். வருஷத்துக்கு எட்டுப் பண்டிகை. அதில் ஒன்று டிசம்பரில் சூரியன் திரும்பும் நாள். தை பிறப்பைக் கொண்டாடும் நமக்கு இதிலென்ன ஆச்சரியம்? மந்திரமும் உண்டு. நோய் தீர, வேலை கிடைக்க என்று மெழுகுவத்தி ஏற்றுவார்கள். யாருக்கும் தீங்கு வராதவரை விரும்பியதைச் செய்யலாம் என்பதுதான் அடிப்படை விதி. செய்தது மும்மடங்காகத் திரும்பும் என்று பலர் நம்புகிறார்கள்.

இதை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், பிறகு மலாயாவில் சுங்க அதிகாரி. மலாய்க் கத்திகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். (பூஜையில் கத்தி எப்படி வந்தது என்பதற்கு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு!) இங்கிலாந்தின் பழைய சூனியச் சட்டம் 1951-ல் நீங்கியது. 1954-ல் இவர் புத்தகம் வெளிவந்தது. ஆக, இந்த மதம் வெளியே தெரிய ஆரம்பித்து எழுபது வருஷத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது.

புதிய மதம் என்பது குற்றமில்லை. ஆனால் இது கற்காலத்திலிருந்து ரகசியமாகத் தொடர்ந்து வந்ததாக கார்ட்னர் சொன்னார். அதற்கு அவர் பிடித்துக்கொண்ட கொழுகொம்பு மார்கரெட் மர்ரே எழுதிய 1921-ஆம் வருஷப் புத்தகம். இந்த அம்மையார் பிறந்தது நம் கல்கத்தாவில், 1863-ல். ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்கள் உண்மையில் ஒரு பழைய மதத்தைச் சேர்ந்தவர்கள் என்பது அவர் வாதம். வரலாற்றாசிரியர்கள் அதை எப்போதோ தள்ளிவிட்டார்கள். கொல்லப்பட்டது தொண்ணூறு லட்சம் பேர் என்பதும் கட்டுக்கதைதான். சுமார் நாற்பது, ஐம்பதாயிரம் என்கிறார்கள். அதுவே பயங்கரம். அவர்களில் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போன சாதாரணக் குடியானவர்கள். சித்திரவதை தாங்காமல் ஒப்புக்கொள்ளும்வரை "நான் அவளில்லை" என்று கதறியவர்கள்.

மகளின் தோழியிடம் எனக்கு உறுத்துவது இதுதான். அவள் தன் முன்னோர்கள் என்று சொல்லிக்கொள்ளும் பெண்கள் யாரும் அந்தப் பெயரைக் கேட்டு வாங்கவில்லை. புனேயில் அது ஒரு டீ-சர்ட் வாசகம். நான் இருபது வருஷமாகக் குடியிருக்கும் ஜாம்ஷெட்பூரிலிருந்து கொஞ்ச தூரம் வெளியே போனால், அது உயிரை எடுக்கும் சொல். இங்கே அதற்கு டாயன் என்று பெயர். குழந்தைக்குக் காய்ச்சல், மாடு செத்தது, உடனே ஓஜாவிடம் ஓடுவார்கள். அவன் ஒரு பெண்ணைக் கைகாட்டுவான். பக்கத்து சராய்கேலா மாவட்டத்தில் சுட்னி மஹதோ என்ற பெண்ணை 1995-ல் இப்படித்தான் அடித்து, அவமானப்படுத்தி, விரட்டினார்கள். பின்னாளில் தன்னைப் போன்ற பெண்களுக்காக ஓடி ஓடி உழைத்தார். 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கொலைக்கான காரணங்களில் சூனியத்துக்கென்றே ஒரு தனி வரி வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீகார் 1999-ல் இதற்காக ஒரு தனிச் சட்டம் போட்டது. தனி மாநிலமானதும் ஜார்க்கண்டும் அதை எடுத்துக்கொண்டது. ஒரு பெண்ணை டாயன் என்று அடையாளம் காட்டினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம் என்று எழுதினார்கள். ஆயிரம் ரூபாய்!

அந்தப் பெண் தாராளமாக விக்கா கும்பிடட்டும், அது அவள் உரிமை. அதைத் தமிழில் சொல்லும்போது சூனியம் என்று மொழிபெயர்க்காமல் விக்கா என்றே சொல்வோம். அதே சமயம், வீட்டு வேலைக்கு வருபவர்கள் "எங்க ஊர்ல ஒரு கிழவி, கண்ணே சரியில்லை" என்று ஆரம்பித்தால், கதை கேட்கும் ஆர்வத்தில் நாமும் "உம்" கொட்டுகிறோமே, அதை முதலில் நிறுத்தலாம்.

எங்கள் வீட்டில் சமைக்கும் அம்மாவின் சித்தி, புருஷன் போன மறுவருஷமே டாயன் ஆக்கப்பட்டவர். கையில் கொஞ்சம் நிலம் இருந்தது, பிள்ளை இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு வந்து இப்போது இங்கே ஒரு பஸ்தியில் இருக்கிறார். அந்த நிலத்தில் கொழுந்தனார் நெல் போட்டுக்கொண்டிருக்கிறார்.