நடுவில் ஒரு ஆள்

புனேயில் எங்கள் ஃப்ளாட்டில் ரூட்டர் ஹாலில். படுக்கையறையிலிருந்து அம்மாவோடு வீடியோ காலில் பேசினால் பாதியில் படம் நின்றுவிடும். சரியென்று ஒரு ரிப்பீட்டர் வாங்கி, சிக்னலே வராத அந்த அறையிலேயே செருகினேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. தொலைத்தொடர்பு படித்தவன் செய்கிற வேலையா இது? :-)

தனக்கே காது கேட்காதவன் அடுத்தவனுக்கு என்னத்தைச் சொல்வான்? நடுவழியில், நடைபாதையில் மாற்றி வைத்தேன், கால் ஒழுங்காக வந்தது. ஆனால் ஹாலில் இருந்துகொண்டே ரிப்பீட்டர் வழியாகப் போனால் வேகம் பாதிதான். ஒற்றை ரேடியோ உள்ள சாதா ரிப்பீட்டரால் ஒரே சேனலில் ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் முடியாது. ஒவ்வொரு பாக்கெட்டும் இரண்டு முறை காற்றில் போகவேண்டும்.

அப்படியென்றால் நடு ஆள் நஷ்டமா? சின்னக் கணக்கு. பழைய 802.11பி வைஃபையில் தூரத்தில் இருப்பவருக்கு 1 எம்பிபிஎஸ், கிட்டே இருப்பவருக்கு 11. நேராக 11 மெகாபிட் அனுப்ப 11 நொடி. நடுவில் ஒருவர் 11 வேகத்தில் வாங்கி 11 வேகத்தில் கொடுத்தால் 1+1, இரண்டே நொடி (மேல்செலவை விட்டுவிடுவோம்).

மிச்சமான 9 நொடி யாருக்கு? எல்லோருக்கும்! ஒரே சேனலில் மெதுவானவர் முடிக்கும்வரை வேகமானவரும் காத்திருக்கத்தான் வேண்டும். உதவியவருக்கும் முறை சீக்கிரம் வரும்.

இந்த 'நடு ஆள்' கணக்கை வான் டெர் மியூலன் 1971-ல் தொடங்கினார். கவரும் எல் கமாலும் 1979-ல் வெகுதூரம் கொண்டுபோனார்கள். பொதுவான விடை இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனாலும் உதவலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க மேலே போட்ட கணக்கே போதும்.

பிறகு ஏன் பக்கத்து வீட்டுக் கருவிகள் ஒன்றுக்கொன்று கைகொடுப்பதில்லை? "என் பாட்டரி, உன் டேட்டா" என்பார்கள். நியாயம்தான். அதனால் போனை விட்டுவிடுங்கள், எப்போதும் கரண்டில் கிடக்கும் ரூட்டர், டிவியிலிருந்து தொடங்கலாமே என்பது என் கட்சி. ஒட்டுக்கேட்கும் பயத்துக்கு என்கிரிப்ஷன் இருக்கிறது.

இங்கே வந்த புதிதில் கேஸ் ஏஜென்சி கவுண்டரில் மராத்தி தெரியாமல் விழித்தேன். பின்னால் நின்றவர் எனக்காகப் பேசிக் காரியத்தை முடித்தார். பெரிய மனசு என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். இப்போதுதான் உறைக்கிறது: வரிசையில் அடுத்த ஆள் அவர்தானே!