வண்டைப் பிடித்தவன் யார்?

இலண்டனில் சவுத் கென்சிங்டன் என்னும் இடத்தில், 1881ஆம் வருஷத்தில் திறக்கப்பட்ட இயற்கைப் பொருட்காட்சிசாலை ஒன்றிருக்கிறது. அதன் அலமாரிகளில் கோடிக்கணக்கான பூச்சிகள் ஊசியில் குத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. பூச்சிக்குக் கீழே ஒரு சிறு சீட்டு. அதில் ஊரும் தேதியும் சேகரித்தவர் பெயரும் இருக்கவேண்டும். பழைய சீட்டுகளைப் பார்க்கிறவன், உலகத்து வண்டுகளையெல்லாம் சில வெள்ளைக்காரக் கனவான்களே வலையைத் தூக்கிக்கொண்டு காடுகாடாய் ஓடிப் பிடித்துவிட்டார்கள் என்றுதான் எண்ணுவான்.

இப்பொழுது ஆராய்ச்சிக்காரர் சிலர் பழைய கடிதங்களையும் கப்பல் கணக்குகளையும் புரட்டி, உண்மையில் பிடித்த கைகள் யாருடையவை என்று தேடுகிறார்கள். உடனே சில பெரிய மனிதர்களுக்குக் கோபம் வந்துவிடுகிறது. "வண்டு வண்டுதானே? பிடித்தவன் எவனாயிருந்தால் என்ன? செத்துப்போனவர்கள் கதையைக் கிளறுவது விஞ்ஞானமா?" என்று கேட்கிறார்கள். தோழர்களே, பிடித்தவன் எவனாயிருந்தாலும் ஒன்றுதான் என்றால், சீட்டில் துரையின் பெயரை மாத்திரம் ஏன் எழுதினார்கள்? அதை அழித்துவிடச் சம்மதிப்பார்களா?

ஜேம்ஸ் பெடிவர் என்பவர் இலண்டனில் மருந்துக்கடை வைத்திருந்தவர், 1718இல் இறந்தார். ஆப்பிரிக்காவையோ அமெரிக்காவையோ கண்ணால் பார்த்தவரல்ல. ஆனால் அந்நாட்டுப் பூச்சிகள் அவர் வீட்டில் குவிந்தன. எப்படி? அடிமை வியாபாரக் கப்பல்களில் போன வைத்தியர்களையும் மாலுமிகளையும் பிடித்து, அவர்கள் கையில் புட்டியும் காகிதமும் கொடுத்தனுப்பினார். அங்குள்ள அடிமைகளுக்குப் பூச்சி சேகரிக்கக் கற்றுக்கொடுங்கள் என்றும் யோசனை சொன்னார். மனிதனை ஏற்றிய கப்பலிலேயே வண்ணத்துப்பூச்சியும் வந்தது. வண்ணத்துப்பூச்சிக்குக் கிடைத்த பத்திரம் மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

பெடிவர் சேர்த்ததை ஹான்ஸ் ஸ்லோன் வாங்கினார். ஸ்லோன் சீமானுக்கோ, மனைவி வழியாக ஜமைக்காவின் கரும்புத் தோட்டத்து வருமானம் வந்துகொண்டிருந்தது. அங்கே உழைத்தவர்கள் அடிமைகள். 1753இல் அவர் இறந்தபின் அவருடைய பொருள்களை வைத்துத்தான் பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலையே ஏற்பட்டது.

இதில் நம் பக்கத்துச் சங்கதியும் ஒன்றுண்டு, பூச்சியல்ல, செடி. 1690களில் சென்னைக் கோட்டையில் வைத்தியராயிருந்த சாமுவேல் பிரவுன் செடிகளைக் காயவைத்து அனுப்பினார். பெடிவர் அவற்றைப் பற்றி எழுதி அச்சிட்டபோது தமிழ்ப் பெயர்களும் சேர்ந்து அச்சாயின. அந்தப் பெயர்களைப் பிரவுன் துரை தம் தாயார் மடியிலா கற்றுக்கொண்டு வந்தார்? ஒரு நாட்டு வைத்தியனோ, புல்லுக்கட்டுச் சுமந்த ஒரு பெண்ணோ சொல்லித்தானே தெரிந்திருக்கவேண்டும்? செடியின் பெயர் தங்கிற்று. சொன்னவரின் பெயர் போயிற்று.

இதெல்லாம் அடிமைக் காலத்துக் கதை என்று தள்ளிவிடுவார்கள். சரி, ஆல்பிரட் ரஸல் வாலேஸை எடுத்துக்கொள்வோம். இவர் நல்லவர். 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். பூச்சி விற்றுப் பிழைத்தவர். டார்வினைப் போலவே உயிர்கள் மாறிவந்த வழியைக் கண்டவர். நம்மைப்போல் தானே படித்துக்கொண்டவர்களுக்கெல்லாம் அவர்மேல் ஒரு பிரியம் இருக்கத்தான் செய்யும். 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுகளில் அவர் சேர்த்தவை 1,25,660. அவற்றில் வண்டுகள் மாத்திரம் 83,000க்கு மேல். இத்தனையும் ஒருவர் கையாலா?

அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1855இல் சரவாக்கில் சிமுஞ்சோன் நிலக்கரிச் சுரங்கத்தருகே தங்கியிருந்தபோது, கொண்டுவந்த பூச்சி ஒன்றுக்கு ஒரு சென்ட் வீதம் கொடுத்து, டயாக் மக்களிடமும் சீனத் தொழிலாளிகளிடமும் வாங்கினாராம். சுரங்கத்துக்காக மரம் வெட்டிச் சாய்த்தவர்கள்தான், சாய்ந்த மரத்துக்கு வந்த வண்டையும் எடுத்துக் கொடுத்தவர்கள். அந்த வண்டுகளுக்கு இலண்டனில் புதுப் பெயர் சூட்டிய கனவான்கள் பெயரெல்லாம் புத்தகத்தில் நிற்கிறது. ஒரு சென்ட் வாங்கினவனுடைய பெயர் எங்கே?

அதே சரவாக்கில் அலி என்னும் மலாய்ப் பையனை அவர் வேலைக்கு வைத்தார். சமைக்க வந்தவன், சுடவும் தோலுரித்துப் பாடம் செய்யவும் பழகி, தீவுக்குத் தீவு கூடவே போனான். 1858இல் பச்சான் தீவில் புதிய சொர்க்கப்பறவை ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்தவன் அலிதான். அதற்கு வைத்த பெயரோ வாலேஸின் பெயர்! இதில் வாலேஸைக் குற்றம் சொல்லமாட்டோம். பெயர் வைத்தவர் வேறொருவர். வாலேஸ் அலியைப் பற்றித் தம் நூலில் நன்றியோடு எழுதினார்; 1862இல் பிரியும்போது பணமும் துப்பாக்கிகளும் கொடுத்து, சிங்கப்பூரில் படமும் எடுத்துவைத்தார். எழுதினவருக்கு இருந்த யோக்கியதை சீட்டு ஒட்டினவர்களுக்கு இல்லை என்பதுதான் நமது குற்றச்சாட்டு.

நன்றிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பிடித்த இடம் தெரியாத வண்டு ஆராய்ச்சிக்குப் பாதி உயிர் போனதுதான். ஆப்பிரிக்காவில் பிடித்ததைக் கப்பல் ஜமைக்கா வழியாகக் கொண்டுவர, எவனோ "ஜமைக்கா" என்று சீட்டெழுதினால், 200 வருஷமானாலும் அந்தப் பொய் ஊசியிலேயே நிற்குமல்லவா? யார் பிடித்தார், எந்தக் கப்பலில் வந்தது என்று விசாரித்தால்தான் அது வெளியாகும். இதை விஞ்ஞானமல்ல என்பவர்கள் வேறெதை விஞ்ஞானம் என்கிறார்களோ நமக்கு விளங்கவில்லை.

1907இல் தாமஸ் பார்பர் என்னும் அமெரிக்க விலங்கியல்காரர் தெர்னாத்தே தீவுக்குப் போயிருந்தபோது, வற்றிப்போன ஒரு மலாய்க் கிழவர் எதிரே வந்து, தம் பெயர் அலி வாலேஸ் என்று சொல்லிக்கொண்டாராம். துரையின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து 45 வருஷம் சுமந்திருக்கிறார் அந்த மனிதர். அவர் பெயரைத் துரையின் பெயரோடு சேர்த்து ஒரு சீட்டில் எழுத எவ்வளவு மை செலவாகும்?