வைரச் சான்றிதழ் எதற்குச் சான்று?

வைரம் வாங்குவதில் இனி ஏமாற்றுக்கு இடமில்லை, எல்லாம் அறிவியலாகிவிட்டது, சான்றிதழைப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று நன்கு படித்தவர்களே அடித்துச் சொல்லக் கேட்கிறேன். எடை, நிறம், தெளிவு, வெட்டு ஆகிய நான்கும் கல்லின் தரத்தைச் சொல்கின்றனவாம். தரம்தான் விலை, விலைதான் மதிப்பு, ஆகவே வைரம் ஒரு சேமிப்பு. சங்கிலி உறுதியாகத்தான் தெரிகிறது. ஆனால் அதன் ஒவ்வொரு கண்ணியும் விட்டுப்போயிருக்கிறது என்பது என் கட்சி.

எடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம், தராசு பொய் சொல்லாது. (0.99 காரட்டிலிருந்து 1.00 காரட்டுக்குப் போகும்போது விலை ஒரு தாவு தாவுகிறதே, அது தராசின் வேலையன்று. நடுவிலுள்ள 2 மில்லிகிராமை எந்தக் கண்ணும் கண்டதில்லை.)

நிறத்துக்கு வருவோம். அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ. 1953ல் வகுத்த வரிசை, டி என்ற எழுத்தில் தொடங்கி இசட் வரை 23 படிகள் கொண்டது. துளி நிறமும் அற்றது டி. மஞ்சள் ஏற ஏற எழுத்து இறங்கும். அந்த மஞ்சளைக் கணிக்கக் கல்லைத் தலைகீழாகக் கவிழ்த்து, கட்டுப்படுத்தப்பட்ட விளக்கொளியில், மாதிரிக் கற்களோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். தோட்டைத் தலைகீழாகப் பதித்து அணியும் பெண்ணை நான் இன்னும் பார்த்ததில்லை. வேடிக்கை இதோடு முடியவில்லை. இசட்டையும் தாண்டி மஞ்சள் நன்கு அடர்ந்துவிட்டால் அதே குற்றம் குணமாகி, கல் 'ஃபேன்சி' என்ற தனி வரிசையில் ஏறி அமர்ந்துகொள்கிறது. ஆகவே அந்த எழுத்துகள் அளப்பது அழகை அல்ல. எது அரிது என்பதை மட்டுமே.

தெளிவும் அப்படித்தான். பத்து மடங்கு உருப்பெருக்கத்தின் கீழ் 11 படிகள். வி.வி.எஸ். கல்லையும் வி.எஸ். கல்லையும் வெறுங்கண்ணால் வேறுபடுத்த முடியாது. விலை மட்டும் வேறுபடும். இந்தப் பார்வை மேற்கு நமக்குத் தந்த வரம் என்று நினைப்பவர்கள் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையை எடுத்துப் பார்க்கலாம். மதுரையின் ரத்தினக் கடைத்தெருவைச் சொல்லுமிடத்தில் இளங்கோ ஏகை, விந்து, களங்கம், காகபாதம் என்று வைரத்தின் குற்றங்களைப் பெயரிட்டே சொல்கிறார். கோடு, புள்ளி, கறை, காக்கைக் கால் தடம்: இன்றைய சான்றிதழில் சிவப்பு மையால் குறித்துக் காட்டும் அதே சமாச்சாரங்கள். அதே இடத்தில் கற்களுக்கு நான்கு வருணமும் சொல்லப்படுகிறது. மனிதர்களைப் பிரித்த ஏணியிலேயே கல்லையும் ஏற்றிவைத்தார்கள். கல்லைத் தரம் பிரிக்கிறவர்கள் தம் சமூகத்தின் ஆசைகளையும் சேர்த்தே பிரிக்கிறார்கள் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி நமக்கு வேண்டியதில்லை.

கோஹினூரின் கதையும் இதைத்தான் சொல்கிறது. 1851ல் லண்டன் கண்காட்சியில் வைத்தபோது, இவ்வளவு பேர்பெற்ற கல் ஒளிரவில்லையே என்று கூட்டம் முகம் சுளித்தது. எடையையும் பெருமையையும் காக்கும்படி இந்தியப் பட்டறையில் இழைத்த கல் அது. அடுத்த ஆண்டே ஐரோப்பிய முறையில் மறுபடி அறுத்தார்கள். 186 காரட், 105.6 காரட்டாயிற்று. நாற்பது விழுக்காட்டுக்கு மேல் தூளாகிப் போனதை ஒருவர் மேம்பாடு என்பார், இன்னொருவர் நாசம் என்பார். கல்லிடம் கேட்டால் பதில் வராது.

வைரத்துக்கு மின்னலைத் தருவது பெரும்பாலும் வெட்டுதான். நான்கு அளவுகளில் மனிதக் கை முழுப்பொறுப்பு ஏற்பதும் அது ஒன்றே. ஆனால் பட்டை தீட்டிய வட்டக் கல்லின் வெட்டுக்கு ஜி.ஐ.ஏ. தரப்படி தரத் தொடங்கியது 2006ல்தான். நிறத்துக்கும் தெளிவுக்கும் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வரிசை எழுதியாகிவிட்டது. மண்ணின் தற்செயலுக்கு முதல் மரியாதை, கைவினைக்குக் கடைசிப் பந்தி.

நம்மூர் 'ப்ளூ ஜாகர்' மோகத்தையும் சொல்லிவிட வேண்டும். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயர் அது. சுரங்கம் 1971ல் மூடப்பட்டுவிட்டது, பெயர் மட்டும் தமிழ்நாட்டு நகைக்கடைகளில் உயிரோடிருக்கிறது. புற ஊதா ஒளியில் நீலமாய் ஒளிரும் இயல்பை இங்கே 'நீலம் ஓடுது' என்று மெச்சுகிறோம். சர்வதேசச் சந்தையில் நிறமற்ற உயர்தரக் கல்லுக்கு அதே இயல்பு விலைக்குறைப்புக்குக் காரணம். 1997ல் ஜி.ஐ.ஏ. ஆய்வாளர்களே சோதித்துப் பார்த்தபோது, சாதாரணப் பார்வையாளர்களால் அந்த ஒளிர்வின் விளைவைச் சீராக இனங்காண முடியவில்லை.

சான்றிதழே வேண்டாம் என்கிறேனா? இல்லை. கண்ணாடிக்கும் சிர்கோனியாவுக்கும் வைர விலை கொடுக்காமல் அது காக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தைச் சுரங்க வைரத்திலிருந்து பிரித்தறிய இன்று கருவிகள் தேவை. லென்ஸ் மட்டும் வைத்திருக்கும் ஆசாரியால் ஆகாது. என் சண்டை, அது சொல்லாததையும் சொல்வதாக விற்பவர்களோடுதான். 2025ல் நடந்ததைக் கவனியுங்கள். ஆய்வக வைரங்களுக்கு இனி நிற எழுத்தும் தெளிவுப் படியும் இல்லை, 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்ட்' என்ற இரண்டே சொற்கள் என்று ஜி.ஐ.ஏ. அறிவித்தது. காரணம், அவற்றில் மிகப் பெரும்பாலானவை உச்சியிலுள்ள ஒரு சிறு பகுதிக்குள்ளேயே நெருக்கியடித்து நின்றன. அதாவது நல்ல கல் நிறையக் கிடைக்கத் தொடங்கியதும் வரிசைக்கே வேலையில்லாமல் போயிற்று. தரத்தை அளந்த கோல் என்றால் நிறையப் பேர் தேறியதற்காக ஏன் ஒடித்துப் போட வேண்டும்?

இது வெறும் தர்க்க விளையாட்டு அன்று. பெண்ணின் கல்யாணத்துக்கென்று பத்துப் பதினைந்து வருடம் சீட்டுக் கட்டி ஏழு கல் தோடு வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன. தங்கம் என்றால் அன்றைய விலை ஊருக்கே தெரியும், ஹால்மார்க் பார்த்து எந்தக் கடையும் எடுத்துக்கொள்ளும். வைரத்துக்கு அப்படியொரு பொது விலை இல்லை. 'வைரம் என்றென்றைக்கும்' என்ற வாசகத்தை 1947ல் டி பீர்ஸுக்காக எழுதியது ஒரு விளம்பர நிறுவனம். அதன் மறுபக்கத்தை எட்வர்ட் ஜே எப்ஸ்டீன் 1982ல் அட்லாண்டிக் இதழில் எழுதினார்: வைரத்தை வாங்குவது எளிது, விற்கப் போனால்தான் தெரியும். அந்தக் கட்டுரையைப் படிக்காமலேயே நம் அத்தைமார்களுக்கு இது தெரியும். ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தோட்டைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் அவர்கள். கல்லை விட்டுவிட்டுத் தங்கத்தை மட்டும் எடை போட்ட கடைகளையும் பார்த்தவர்கள்.

சான்றிதழை நீட்டும் கடைக்காரரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான். இதே கல்லை, இதே தாளோடு, அடுத்த வருடம் கொண்டுவந்தால் ரொக்கமாக எவ்வளவு தருவீர்கள்? நகை மாற்றிக்கொள்வதற்கான கணக்கை அவர் சொல்வார், அது வேண்டாம். ரொக்கம் எவ்வளவு என்பதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.