தாங்கியை அடுப்பில் வைக்கலாமா?

2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, வீட்டோடும் காணியோடும் சேர்ந்து பல குடும்பங்களின் மோட்டார் சைக்கிளும் சேற்றில் கிடந்தது. காணி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் ஓடினால் நாளைக்கே மரக்கறி மூட்டையைச் சந்தைக்குக் கொண்டு போகலாம். ஆகவே கையில் வரும் சிறு தொகையில் முதலில் அதைத் திருத்த நினைப்பதை நாம் வீண்செலவு என்று சொல்லமாட்டோம். 2020 மார்ச் முதல் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் வாகன இறக்குமதி நின்றிருந்த நாட்டில் பழைய வண்டியின் அருமை யாருக்குத் தெரியாது?

கறள் பிடித்த தாங்கிக்கும் மட்காட்டுக்கும் பெயின்ட் அடிப்பதா, பவுடர் கோட்டிங் செய்விப்பதா என்று கேட்கிறார்கள். பவுடர்தான் உறுதி, பெயின்ட் ஏழைக்குரியது என்று ஒரு பேச்சும் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை.

மின்னேற்றிய தூளை இரும்பில் ஒட்டவைத்து, சுமார் 180 முதல் 200 பாகை செல்சியஸ் சூட்டில் உருக்கி இறுகச் செய்வதே பவுடர் கோட்டிங். கல் பட்டாலும் இலகுவில் பெயராது என்பது உண்மையே. ஆனால் எம்மவரின் தாங்கிகள் புதியவை அல்ல. நெளிந்த இடத்தை டிங்கர் வேலைக்காரர் புட்டி வைத்து நிரவியிருப்பார். சாதாரண புட்டி அந்தச் சூட்டைத் தாங்காது. ஓட்டையை ஈயப்பற்று வைத்து அடைத்திருந்தால் இன்னும் மோசம். வழக்கமான வெள்ளீய ஈயக் கலவை 183 பாகையிலேயே உருகத் தொடங்கிவிடும். பிளாஸ்டிக் மட்காட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பெற்றோலை ஊற்றிவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. வெறுந்தாங்கியில் தங்கும் ஆவி, நிறைந்த தாங்கியைவிட எளிதில் வெடிக்கும். வெல்டிங் வேலைக்கும் இதே எச்சரிக்கைதான். நன்றாகக் கழுவி ஆவி நீக்காத தாங்கியைச் சூட்டுக்கு அருகே கொண்டுபோக எவரையும் விடாதீர்கள்.

பெயின்ட் உரிந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துத் திரும்ப அடிக்கலாம். பவுடரில் ஒரு மூலை பெயர்ந்தால் நீர் அடியில் புகுந்து கறள் கண்ணுக்குத் தெரியாமல் பரவும். பிறகு முழுவதையும் உரிக்க வேண்டும். கண்டியின் மழையில் இது சிறு விடயமல்ல. எனவே பவுடருக்குச் செலவழிக்க விரும்பினால் புட்டி படாத இரும்புக் கரியரையும் ஸ்டாண்டையும் கொடுங்கள். தாங்கிக்குப் பெயின்ட் போதும். வெளியே மினுக்குமுன் உள்ளே நின்ற வெள்ள நீரையும் கறளையும் அகற்றுங்கள். இல்லாவிட்டால் காபரேட்டர் அடைக்கும்.

கராஜில் தொழில் பழகும் எமது பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹார்டனர் கலந்த பெயின்டில் ஐசோசயனேட் உண்டு. அது தீராத ஆஸ்துமாவைத் தரக்கூடியது. முகத்தில் லேஞ்சி கட்டினால் அது தடுபடாது. உரிய முகக்கவசம் தராத முதலாளியிடம் பெற்றோர் போய்க் கேட்க வேண்டும்.

நிறத்தையும் மாற்றாதீர்கள். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் நிறமும் எழுதப்பட்டிருக்கிறது.